தண்ணி பார்த்த வண்டிக்கு நான் சொன்ன விலை

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

வரும் பொங்கல் முடிந்தால் நீ போய் இரண்டு வருடம். நம்ம மாதாகோயில் பங்கு மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "மச்சான் மேல உங்களுக்குத்தான் ஜாஸ்தி பாசம், நீங்களே எழுதிக் குடுங்க" என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று அங்கேயே சொல்லத் தைரியம் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கை ஸ்டெல்லா நலம், முட்டிவலிதான் விட்டபாடில்லை. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். சிதம்பரத்தில் உன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஷட்டரில் நீ பெயிண்டால் எழுதிவைத்த போன் நம்பரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்.

நம்ம வெள்ளைக் கார் இப்போது என்னிடம் இல்லை. விற்றுவிட்டேன். எப்படி விற்றேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லும்படியும் ஆகியிருக்காது, முகத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்திருப்பாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நீ ஐ.டி.ஐ.யில் என் பெஞ்சுக்காரன். உன் தங்கையைக் கட்டியதால் மச்சான் ஆனாய். கார் வயரிங் வேலை உன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வெளியே வருவதற்குள் யாராவது ஒருவர் உன் வண்டிப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பார். பழைய கார் வாங்கப் போகிறவராக இருக்கும். நீ பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அவர் பணத்தை எடுப்பார். அதற்கு நீ கூலி வாங்கியதே இல்லை. ஒரு டீ, இரண்டு மெதுவடை, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவன் கிலோமீட்டரை அப்புறம்தான் கேட்பான். "தண்ணி பாத்த வண்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளத்தில் நின்ற வண்டி வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே வயர்முனைகள் மெல்ல மெல்லப் பச்சை பூத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க நீ பெரிய மிஷின் எதையும் கொண்டுபோக மாட்டாய். முன்சீட்டு பெல்ட்டை, இனிமேல் வராது என்கிற அளவுக்கு இழுப்பாய். கடைசி ஒரு சாண் எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடப்பது, யாரும் கழுவாத இடம். அதில் வண்டல் படிந்த கோடு தெரிந்தால் அந்த வண்டியின் கதை முடிந்தது. பிறகு டிரைவர் காலடியில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டுக்குக் கீழே கையை விட்டு, அந்தக் கையை முகர்ந்து பார்ப்பாய். சீட்டு போல்ட்டுகளில் துரு தேடுவாய்.

விலை பேசுவதிலும் உன்னிடம் ஒரு முறை இருந்தது. விற்கிறவர் வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவாய். "மொதல்ல வண்டி ஒடம்புக்கு என்னான்னு சொல்லுங்க. வாங்கறவுங்க மூஞ்சியப் பாத்து எல்லாத்தயும் சொல்லுங்க. சொல்லி முடிச்சப்பறம் உங்க வாயில என்னா வெல வருதோ, அதான் வெல."

நெல்லிக்குப்பத்தில் ஒரு பெரியவர் மூன்று லட்சம் என்று முடிவு செய்து வைத்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கிளட்ச் தேய்ந்தது, ஏசி நின்றது, ஒருமுறை பின்னால் இடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் தானாகவே இரண்டேகால் என்றார். சொன்ன பிறகு அவரே சிரித்துவிட்டார். வாங்கியவனும் மறுபேச்சுப் பேசவில்லை. திரும்பி வரும்போது, "நீ வியாபாரத்துக்கு லாயக்கில்ல மச்சான்" என்றேன் நான். "அதுக்குத்தான் நீ இருக்கியே மாப்ள" என்றாய்.

ஆமாம், நான் இருந்தேன். இருபது வருடமாக டைல்ஸ் கடையில் விற்பனையில் இருக்கிறவன் நான். நிறம் மாறிப்போன டைல்ஸை "இதுதான் சார் இப்ப ஃபேஷன்" என்று சொல்லித் தள்ளத் தெரிந்தவன்.

நீ போன அதே வருடம் கார்த்திகை மழையில் செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். வண்டி கீழே நின்றது. ஒன்றரை நாள், சீட்டு மூழ்கும் அளவுக்கு. அந்த வருடம் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மலிவான இன்சூரன்ஸ் போட்டிருந்தேன், வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. ஒரு மெக்கானிக் பிரித்துக் காயவைத்து எப்படியோ ஓட வைத்தார். "ஓடும். ஆனா எப்ப எது நிக்கும்னு சொல்ல முடியாது சார்" என்றார்.

விற்றுவிடலாம் என்று புதுச்சேரியிலிருந்து ஒரு வியாபாரியை வரச் சொன்னேன். வந்தவன் கதவைத் திறந்தான், பெல்ட்டை இழுத்தான், விட்டான். "தண்ணி பாத்த வண்டி. ஒன்னேமுக்கால் லட்சம். அதுக்கு மேல ஒத்த ரூபா வராது சார்." எனக்குக் கோபம் வந்தது. என்னவோ என் பெண்ணையே குறை சொல்லிவிட்ட மாதிரி அவனிடம் கத்தினேன்.

நெட்டில் பார்த்தேன். அதே வருடம், அதே வண்டி, மூன்றிலிருந்து மூன்றரை வரை போட்டிருந்தார்கள். உட்கார்ந்து யோசித்தேன். ரிப்பேருக்குப் போட்ட செலவு இருக்கிறது. நான்கு டயரும் புதுசு. மகள் ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டும். எல்லாரும் கூட்டித்தான் கேட்கிறார்கள், நான் மட்டும் ஏன் குறைத்துக் கேட்க வேண்டும்? இப்படியே ஏற்றிக்கொண்டு போய் மூன்றேகால் லட்சம் என்று முடிவு செய்தேன். ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

பிறகு கடைக்கு ஒரு வாரம் லீவு சொன்னேன். பெல்ட்டை முழுசாக இழுத்து, உள்ளே ஓடிவிடாமல் துணிக் கிளிப் போட்டு நிறுத்தி, ஷாம்பு விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். கோடு போகவில்லை. மறுபடி தேய்த்தேன். மூன்றாம் நாள் போனது. மேட்டுக்குக் கீழே புதுக் கார்ப்பெட் போட்டேன், வாடை போகக் கிண்ணம் கிண்ணமாகக் காபித்தூள் வைத்தேன். சீட்டு போல்ட்டுகளுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

உனக்குப் புரிகிறதா மச்சான்? நீ எங்கெங்கே பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை உன் கூடவே வந்து வடை தின்றிருக்கிறேன். அந்த இடங்களைத்தான் தேடித் தேடித் துடைத்தேன். உன் கூட வந்தே இருக்காத ஒருவனுக்கு இவ்வளவு சுத்தமாக ஏமாற்றத் தெரிந்திருக்காது.

துணிக் கிளிப்பைத் தேடிக்கொண்டு ஸ்டெல்லா கீழே வந்தாள். "என்னா பண்றீங்க?" என்றாள்.

"அழுக்கா கெடக்குது, கழுவறேன்."

பெல்ட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்கண்ணன் இழுத்துப் பாக்குற எடம் அது" என்றாள். கிளிப்பை எடுக்காமலே மேலே போய்விட்டாள். 

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. பேப்பரில் கொடுத்த விளம்பரத்தில் கடைசி வரியாக உன் பெயரைப் போட்டேன். "சிதம்பரம் எலக்ட்ரீஷியன்" என்று எழுதி, உன் பெயர் எழுதி, "பார்த்து வாங்கிக் கொடுத்த வண்டி" என்று முடித்தேன். பொய் இல்லைதானே? எட்டு வருடத்துக்கு முன்னால் நீதான் பார்த்தாய், நீதான் வாங்கிக் கொடுத்தாய். தண்ணீர் வந்தபோதுதான் நீ இல்லை.

அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கவிதா வந்தாள். குமராட்சிக்காரி. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு மினிபஸ் கிடைக்காமல் நின்று நின்று அலுத்துப்போய், ஐந்து வருடமாகப் பணம் சேர்த்திருந்தாள். புருஷன் விவசாயம், அவரும் கூட வந்திருந்தார்.

"அண்ணன் எனக்கு ஒரு வண்டி பாக்க வந்தாரு சார்" என்றாள். "பாத்துட்டு வேணாம்னுட்டாரு. 'பொறும்மா, ஒனக்குன்னு நல்லதா ஒன்னு வரும்'னாரு. அதுக்கப்பறம் அவரே போயிட்டாரு. பேப்பர்ல அவரு பேரப் பாத்ததும் எனக்கு மனசே கேக்கல, ஓடியாந்துட்டேன்."

பிறகு, "அவரு மாதிரியே பாக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்று பெல்ட்டை இழுத்தாள். கடைசிச் சாண் வரைக்கும் இழுத்தாள். மேட்டுக்குக் கீழே கையை விட்டு முகர்ந்தாள். உன்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள் மச்சான்.

"தண்ணி கிண்ணி பாக்கலியே சார்?"

"அவரு பாத்த வண்டிம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அது என் பொய்யாக இருந்திருக்கும். நான் உன்னைச் சொல்ல வைத்தேன்.

புருஷன் விலையைக் குறைக்கச் சொல்லி வாயெடுத்தார். அவள் முழங்கையால் இடித்தாள். "அண்ணன் பாத்த வண்டிக்குப் போயி பேரம் பேசறதா?" என்றாள். மூன்றேகால் லட்சத்தை முழுசாகக் கொடுத்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். நான் கையாட்டினேன்.

இந்த ஐப்பசியில் அவளிடமிருந்து போன் வந்தது. எடுப்பதற்கு இரண்டு நொடிதான் ஆனது. கேட்கப் போகிறாள், என்ன சொல்லலாம் என்று அந்த இரண்டு நொடியில் ஏழெட்டுப் பதில் தயார் செய்துவிட்டேன். ஆனால் அவள் அழுதாள்.

"சார், உங்க வண்டிய நான் கெடுத்துட்டேன். ரோட்டுல தண்ணி ஓடிச்சு, கணுக்கால் அளவுதான். எறக்கி ஓட்டிட்டேன். மறுநாளு கண்ணாடி எறங்கல. அப்பறம் லைட்டு போச்சு. இப்ப ஸ்டார்ட்டே ஆவல. மெக்கானிக் வயரெல்லாம் அரிச்சுப்போயிருக்குதுன்றாரு. அண்ணன் பாத்துக் குடுத்த வண்டிய ஆறு மாசத்துல நாசம் பண்ணிட்டியேன்னு எங்க வூட்டுக்காரரு பேசறதில்ல சார். நான் மறுபடியும் மினிபஸ்லதான் போறேன். ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணிச்சு. மன்னிச்சிடுங்க சார்."

கணுக்கால் தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது செம்மண்டலத்துத் தண்ணீர். ஒரு வருடமாக உள்ளே உட்கார்ந்து தின்ற தண்ணீர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லம்மா. புதுசா ஓட்டறவுங்களுக்கு இதெல்லாம் நடக்கறதுதான். மனசுல வெச்சுக்காத" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன் மச்சான். பெரிய மனுஷன் மாதிரி மன்னித்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வண்டியைத் துடைத்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை. பணம் வாங்கியபோது வரவில்லை. அந்த நன்றியைக் கேட்ட பிறகு வந்தது. ஸ்டெல்லா சாப்பாடு போட்டாள், அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. கண்ணாடியில் சவரம் செய்துகொள்ளவே எரிச்சலாக இருந்தது. கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் உன் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான் ஸ்கூட்டரை நிறுத்த இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். கையிலிருந்த மெழுகுவத்தியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட் மட்டும்தான் அவளுக்குத் தெரியும், போன் வந்தது தெரியாது. கேட்டு முடித்ததும், "அந்தப் பொண்ணு அங்க பேச்சு வாங்கிக்கினு இருக்குது, நீங்க இங்க என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றாள்.

அடுத்த ஞாயிறு குமராட்சிக்குப் போனேன். சிதம்பரம் வரை பஸ், அங்கிருந்து அவள் போகிற அதே மினிபஸ். உட்கார இடம் கிடைக்கவில்லை. வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நம்ம வண்டி நின்றது, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கவிதா ஓடி வந்து, "வாங்க சார், வாங்க" என்றாள். புருஷன் கட்டிலை விட்டு எழுந்தார். காபி போட உள்ளே போனவளை, "வேணாம்மா, வந்து நில்லு. உங்க வூட்டுக்காரரும் இருக்கட்டும்" என்றேன்.

நின்றுகொண்டே சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எத்தனை மணி நேரம் தண்ணீரில் நின்றது, எதுவரைக்கும் நின்றது, புதுச்சேரிக்காரன் என்ன விலை கேட்டான், பெல்ட்டை எத்தனை நாள் தேய்த்தேன், காபித்தூள், போல்ட்டுக்கு அடித்த பெயிண்ட், எல்லாம்.  

 பிறகு கவிதா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் தண்ணில எறக்கனதால இல்லியா?"

"இல்லம்மா. ஒம்மேல எந்தத் தப்பும் இல்ல."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடித்துவிடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன், அவர் கை என் பக்கம் வரவே இல்லை. அவள்தான் பேசினாள். "அன்னிக்கு போன்லயே சொல்லியிருக்கலாமே சார். அழுதேனே. கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

 

முழுப் பணத்தையும் தருகிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஓட்டக் கத்துக்கிட்ட வண்டி அது. வயரிங்க மாத்தி நானே வெச்சுக்கறேன். சரியான வெலைய சொல்லுங்க, போதும்" என்றாள்.

நீ சொன்னது சரிதான் மச்சான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த வாயில் மூன்றேகால் வரவில்லை. புதுச்சேரிக்காரன் சொன்ன ஒன்றேமுக்கால்கூட வரவில்லை. "ஒரு லட்சம்" என்று வந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். மீதி இரண்டேகாலை மறுநாளே அவள் பேங்க் கணக்கில் போட்டுவிட்டேன். மகள் ஹாஸ்டலுக்கு என்று வைத்திருந்ததும் அதில் போனது. 

கிளம்பும்போது கவிதா வாசல் வரைக்கும் வந்தாள். "ஒன்னே ஒன்னு சார்" என்றாள். "அண்ணன் பேர இனிமே எங்கயும் எடுக்காதீங்க. அவரு நல்ல மனுசன்."

மச்சான், அங்கே அவளுக்குக் கொடுத்த வாக்கை உனக்கும் கொடுக்கிறேன். இனி எதை விற்றாலும், ஒரு பெட்டி டைல்ஸாக இருந்தாலும், குறையைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வேன். போன வாரம் ஆரம்பித்துவிட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். கவிதாவின் வண்டி ஓட ஆரம்பித்து அவள் மினிபஸ்ஸை விட்ட பிறகு, நீ கிடக்கிற இடத்துக்கு உள்ளே வருவேன். திருப்பிக் கொண்டுவந்த மெழுகுவத்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் பெயரை எடுக்க வேண்டாம் என்று அவள் கேட்டதையும் மீறப் போவதில்லை. பங்கு மலரில் உன் படத்துக்குக் கீழே போட உன் பெயரைச் சரியாக எழுதித் தரச் சொன்னார்கள். அதை மட்டும் ஸ்டெல்லாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நீ மாப்ள என்று கூப்பிட்ட,
உன் தங்கை வீட்டுக்காரன்.